சொந்தச் சூடு

பினாங்கில் வெயிலைக் குறை சொல்லாத மனிதர் ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். நாங்கள் எல்லோரும் விசிறியும் கையுமாக உட்கார்ந்திருக்கும் மத்தியானங்களில், அவர் கடலோரச் சுவரின்மேல் கறுப்புக் கம்பளிக் கோட்டைக் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு, வாயைக் கொஞ்சம் திறந்து, முகத்தை வெயிலுக்குக் கொடுத்தபடி உட்கார்ந்திருப்பார். கோட்டு முழங்காலுக்குக் கீழே இறங்கும். பார்க்கிற நமக்கு வேர்த்து ஊற்றும். தெருப் பிள்ளைகள் அவரைக் 'கோட்டுக்காரர்' என்றார்கள். பெரியவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் எனக்குத் தெரியும். ஒரு காகிதத்தில் என் கையாலேயே அதை எழுதியிருக்கிறேன். இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை எழுதியதே போதும் என்று இருக்கிறது.

அப்போது நான் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் ஞானோபதேசமும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து வயது. நாக்கு நீளம் என்று பெயர் வாங்கியிருந்தேன். துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ஞானம்மா அக்கா வீட்டு மாடி அறையில் குடியிருந்தேன். அக்கா புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். கையால் சுற்றும் தையல் மெஷின் ஒன்றை வைத்துச் சட்டை தைத்துப் பிழைத்தாள். இடுப்பில் சாவிக்கொத்து தொங்குகிற இடத்தில் அவளுக்கு ஒரு சின்னக் கத்தரிக்கோல் தொங்கும். பூசைக்குப் போகும்போதுகூட அதைக் கழற்றமாட்டாள்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் கோட்டுக்காரர் வந்துவிடுவார். ரொட்டிக் கடை ஒன்றில் அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலை அவருக்கு. அன்றைய முதல் ரொட்டியில் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி, கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு நடந்து வருவார். வாசலில் நின்று எடுத்துக் கொடுத்தால் வாங்குகிற கை சுடும். மழையோ வெயிலோ, ஒரு நாள் தவறியதில்லை. வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்ததும் இல்லை.

"உள்ள வாங்கண்ணே, ஒரு வாய் கோப்பி குடிச்சிட்டுப் போகலாம்லா," என்பாள் அக்கா.

"இருக்கட்டும் தங்கச்சி. இங்கதான் வெயில் இருக்கு," என்பார் அவர்.

நான் குடிவந்த முதல் வாரம், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியவளை மறித்து, "டீச்சர், அந்தக் குடையைக் கொஞ்சம் குடுங்க," என்றார். மழைக்குக் கேட்கிறாராக்கும் என்று கொடுத்தேன். நான் பிடித்திருந்த கைப்பிடியைத் தன் உள்ளங்கையில் பொத்தி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"முதலை வர்க்கம்," என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "யாரைப் பாத்து முதலைங்கிறீங்க?" என்று சந்தே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அவர் அசரவில்லை. குடையை இன்னொரு தடவை கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"இப்போ கரடி," என்றார். அக்கா மெஷினை நிறுத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதுதான் அவர் வழக்கம். ஆண்களென்றால் கையைப் பிடித்துப் பார்ப்பார். பெண்களென்றால் அவர்கள் பிடித்திருந்த குடை, குடம், பூசைப் புத்தகம் என்று எதையாவது கேட்டு வாங்கி, அதில் ஒட்டியிருக்கும் சூட்டைப் பார்ப்பார். அவர் கணக்கில் உலகத்தில் இரண்டே சாதி. ஒன்று முதலை, இன்னொன்று வெள்ளைக் கரடி. இரண்டையும் பக்கத்தில் நின்று பார்த்தவன் பினாங்கிலேயே நான் ஒருத்தன்தான் என்பார். அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். இளவயதில் அக்கரையில் ஜுரு ஆற்றில் விறகுப் படகு தள்ளியவர். அந்தச் சேற்றுக் கரையில் முதலைகள் வாயைப் பிளந்துகொண்டு வெயில் காயும். பிறகு கப்பலில் நிலக்கரி அள்ளிப்போடும் வேலைக்குச் சேர்ந்து, ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டை முடிந்த சமயத்தில் ரஷ்ய தேசத்தின் வடக்குக் கோடிவரை போய்வந்தவர். அங்கே கடல் உறைந்து கிடக்கும், அதன்மேல் வெள்ளைக் கரடி நடக்கும்.

"முதலைக்குச் சொந்தச் சூடு கிடையாது டீச்சர். வெயில் குடுத்தா உண்டு, இல்லாட்டி கல்லு. கரடிக்கு வயித்துக்குள்ளேயே அடுப்பு. அதான் ஓயாம திங்குது. அடுப்புன்னா விறகு வேணும்ல? முதலை மாசக்கணக்குல திங்காம கிடக்கும். அடுப்பே இல்லாததுக்கு எதுக்கு விறகு?"

மடத்து அலமாரியில் இருந்த படப் புத்தகங்களில் தேடிப் பார்த்தேன், அவரை மடக்கலாம் என்று. சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். வெள்ளைக் கரடியின் மயிரை விலக்கினால் உள்ளே தோல் கறுப்பு என்பதை மட்டும் எந்தப் புத்தகத்திலும் பார்க்க முடியவில்லை. "மேலதான் துரை. உள்ள நம்ம ஆளு," என்று சொல்லிவிட்டு, யாரும் சிரிக்கும் முன்னே தானே சிரித்துவிடுவார். தாய்மையில் எது பெரிது என்று கேட்டால் தீர்ப்புச் சொல்லமாட்டார். முதலை குஞ்சுகளை வாயில் அள்ளித் தண்ணீருக்குக் கொண்டுபோகும், பல்லுப் படாது. கரடி பனிக்குள் குழி பறித்து, மாதக்கணக்கில் பட்டினி கிடந்து பால் கொடுக்கும். "ரெண்டும் ரெண்டுதான்," என்பார்.

பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கிற கதை ஒன்று இருந்தது. அதை மட்டும் குரலை இறக்கிச் சொல்வார்.

"ஜுருவில ஒரு துரை முதலையைச் சுட்டான். படகுத்துறையில போட்டிருந்தாங்க. காலையில தொட்டேன், சில்லுன்னு இருந்துச்சு. மத்தியானம் தொட்டேன், சுடுது. செத்ததுதான், ஆனா சுடுது. அப்புறம் கப்பல்ல போனப்ப கரடியைச் சுட்டாங்க. வயித்தைக் கிழிச்சு எவ்வளவோ நேரம் ஆச்சு, உள்ள கையை விட்டா அடுப்பு. நாங்க எல்லாரும் அதுக்குள்ள கையை விட்டுக் குளிர் காஞ்சோம்."

இந்த இடத்தில் பிள்ளைகளை விட்டுவிட்டு என்னைப் பார்ப்பார். "அப்போ, சூட்டை வச்சு உசிரு இருக்கா இல்லையான்னு சொல்ல முடியுமா டீச்சர்?"

"அதை டாக்டரைக் கேளுங்க. நான் அ, ஆ சொல்லிக் குடுக்கிறவ," என்றேன் ஒரு தடவை. இப்போது நினைத்தால் அந்த நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

இன்னொரு பழக்கம் எல்லோருக்கும் எரிச்சல் மூட்டியது. கடைகளின் முன்னே அஞ்சடி நடைபாதையில் கூலியாட்கள் படுத்துத் தூங்குவார்கள். இவர் போகிற போக்கில் குனிந்து, தூங்குகிறவன் மூக்குக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். மூச்சு பட்டதும் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த ஆளிடம் போவார். ஒரு ரிக்‌ஷாக்காரன் திடுக்கிட்டு விழித்து, நெஞ்சிலேயே உதைத்துவிட்டான். சாலையில் விழுந்தவர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "நல்லா இருக்கான்," என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் அதைப் பார்த்தேன். கோட்டுக்காரருக்குக் கொஞ்சம் மூளை குழம்பியிருக்கிறது என்று அன்றைக்கு முடிவு கட்டினேன்.

ஞானம்மா அக்காவின் புருஷன் சவரிமுத்துவும் அதே கப்பலில் நிலக்கரி தள்ளப் போனவன்தான். இருவரும் ஒன்றாகப் போனார்கள், இவர் மட்டும் திரும்பினார். திரும்பிய அன்றைக்கே அக்கா வாசலில் நின்று சொன்ன கதையைத்தான் அதன்பிறகு ஊர் முழுவதற்கும் சொன்னார். கப்பல் பனிக்கட்டி இடித்து உடைந்தது. இருவரும் ஒரு கட்டியின்மேல் ஒதுங்கினார்கள். கரடி வந்து சவரியை அடித்தது.

"ஒரே அடி தங்கச்சி. வலி தெரிஞ்சிருக்காது. முதலைன்னா தண்ணிக்குள்ள இழுத்துட்டுப் போய் வச்சிருந்து திங்கும். கரடி அப்படி இல்ல. மரியாதையான மிருகம்."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா பல வருஷம் தூங்கினாள். அவளுக்கு இன்னொரு ஆறுதலும் இருந்தது. எங்கள் வேதக்காரர்கள் கழுத்தில் போடும் மாதா உத்தரியம் தெரியுமல்லவா, கயிற்றில் கோத்த பழுப்புக் கம்பளித் துண்டு. அதை அணிந்தபடி சாகிறவன் நரகத்துக்குப் போவதில்லை என்பது எங்கள் ஆட்களின் உறுதியான நம்பிக்கை. சவரிமுத்து கப்பலேறும்போது அக்கா அவன் கழுத்தில் ஒன்றைப் போட்டு அனுப்பியிருந்தாள். அவனிடமிருந்து வந்த கடைசிக் கடிதத்தில் அதைப் பற்றி எழுதியிருந்தான். அக்காவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. மாதத்துக்கு ஒரு தடவையாவது என்னை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுவாள். எனக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டது.

'இங்கே குளிர் சொல்லி முடியாது. எல்லாருக்கும் கம்பளிக் கோட்டு கொடுத்திருக்கிறார்கள். நீ போட்டுவிட்ட உத்தரியத்தின் கயிறு அறுந்துவிட்டது. அதைக் கோட்டுக் காலருக்குள் வைத்து வெள்ளை நூலால் நானே தைத்துக்கொண்டேன். உன் கை போல வராது, கோணல்மாணலாகத்தான் இருக்கிறது. ஆனால் விழாது.'

"விழாதுன்னு எழுதியிருக்காருல்ல?" என்று கேட்பாள் அக்கா. "ஆமாக்கா, விழாது," என்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் பிறை ரயில் கிடங்கில் வேலை பார்க்கும் ஒருவர் சட்டை தைக்க வர ஆரம்பித்தார். எங்கள் வேதம்தான். மனைவியை இழந்தவர். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை பிறையிலிருந்து படகேறித் துணியோடு வருவார். "ஒரு ஆளுக்கு எத்தனை சட்டைக்கா வேணும்? மனுஷன் தினம் ஒண்ணைக் கிழிச்சுப் போடுறாரா?" என்று நான் கேட்டால் அக்கா முகம் சிவக்கும், மெஷின் வேகமாகச் சுற்றும். ஒரு நாள் அவர் துணி இல்லாமல் வந்து விஷயத்தைச் சொன்னார். அக்கா இரண்டு நாள் அழுதாள், மூன்றாம் நாள் சரி என்றாள்.

கோயில் சாமியாரிடம் போனார்கள். அவர் கெட்டவரில்லை, ஆனால் சட்டம் பேசினார். காணாமல் போனவன் செத்தவன் ஆகமாட்டான். சவரிமுத்து செத்ததைக் கண்ணால் கண்டவர் சுவிசேஷப் புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் பண்ணினால்தான் கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பேன் என்றார். எங்களுக்கு ஒரே நிம்மதி. கண்ணால் கண்டவர்தான் தினமும் காலையில் ரொட்டியோடு வாசலில் நிற்கிறாரே.

அக்கா கேட்ட அன்று அவர் ஒன்றும் சொல்லாமல் ரொட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள், "அடுத்த வாரம் பாப்போம் தங்கச்சி," என்றார். அந்த அடுத்த வாரமும் அதையே சொன்னார். இப்படி ஐந்து வாரம் போயிற்று. பிறைக்காரர் பொறுமைசாலிதான், ஆனால் அவர் வீட்டார் வேறு இடம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்று பேச்சு வந்தது.

"எனக்கு முப்பத்திரண்டு வயசாகுது டீச்சர்," என்றாள் அக்கா. மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள், தைக்கவில்லை. "கரடி அடிச்சதைப் பாத்தேன்னு அண்ணன் நூறு தடவை சொன்னாரே. சாமி முன்னால ஒரு தடவை சொல்ல என்ன கஷ்டம்? இந்த மெஷினோடயே நான் செத்துப்போகணுமா?"

நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சனிக்கிழமை மத்தியானம். அவர் வழக்கமான சுவரில் உட்கார்ந்திருந்தார். வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். ஒரு பெண்ணின் வாழ்க்கையை வாசலில் நின்றே கெடுக்கிறீர்கள் என்றேன். கடல் பக்கமிருந்து மேகம் வந்து வெயிலை மூடியது. அவர் கோட்டுக் காலரை மேலே தூக்கிவிட்டுக்கொண்டார்.

தூக்கிய காலரின் உள்பக்கத்தில் வெள்ளை நூல் தெரிந்தது. பெரிய பெரிய தையல், கோணல்மாணலாக. நடுவே ஒரு சின்னச் சதுரம் புடைத்துக்கொண்டிருந்தது.

குடையை மடக்கிவிட்டுக் கேட்டேன். "அண்ணே, இது யாரு கோட்டு?"

அவர் என்னைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்துச் சொன்னார்.

"கப்பல் உடைஞ்சது நெசம். நானும் சவரியும் ஒரு கட்டி மேல ஒதுங்குனதும் நெசம். மூணு நாளு. அங்க அப்போ ராத்திரியே கிடையாது டீச்சர். சூரியன் சுத்திச் சுத்தி வருது, சூடு மட்டும் இல்ல. சுவத்துல வரைஞ்ச விளக்கு மாதிரி. என் கோட்டு தண்ணியோட போச்சு. சவரி தன் கோட்டுக்குள்ள என்னையும் சேத்து அணைச்சுக்கிட்டுப் படுத்தான். மூணு நாளும் அவன் சூட்டுலதான் நான் இருந்தேன். மூணாம் நாளு தூரத்துல ஒரு படகு தெரிஞ்சுச்சு. சவரின்னு கூப்பிட்டேன். பேசல. மூக்குக்குக் கீழ கையை வச்சேன். என் கை மரத்துப் போயிருந்துச்சு. மூச்சு வந்திருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. கோட்டைக் கழட்டி நான் போட்டுக்கிட்டேன்."

"கோட்டு எப்படி இருந்துச்சு?" ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"சூடா இருந்துச்சு டீச்சர்."

மேகம் விலகவில்லை. அவர் பற்கள் அடித்துக்கொண்டன.

"கரடி அப்புறமாத்தான் வந்துச்சு. தூரத்துல நடந்து வந்துச்சு. நான் படகைப் பாத்து ஓடினேன். படகுக்காரங்க அவன் கிடந்த பக்கம் கையைக் காட்டி என்னமோ கேட்டாங்க. நான் கையை விரிச்சேன். திரும்பிப் பாக்கல."

காலருக்குள்ளே இருந்த உத்தரியத்தைப் பற்றியும் கேட்டேன். தெரியும் என்றார். பிரித்து எடுத்து அக்காவிடம் கொடுத்துவிட இரண்டு தடவை கத்தியை எடுத்தாராம். எங்கே கிடைத்தது என்று அவள் கேட்பாளே என்று கத்தியைக் கீழே வைத்துவிட்டாராம்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. இத்தனை வருஷமாக முதலை முதலை, கரடி கரடி என்று அவர் சொல்லிக்கொண்டு திரிந்தது மிருகங்களைப் பற்றிய பேச்சே இல்லை. சூடான கோட்டைக் கழற்றிய அந்த ஒரு நிமிஷத்தைத்தான் ஊர் முழுக்கக் கொண்டுபோய்க் காட்டி, தீர்ப்பு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் டாக்டரைக் கேட்கச் சொன்னேன்.

"அவன் கரடி டீச்சர். செத்த பிறகும் சூடு நின்னிருக்கும். அப்படித்தானே?" என்றார். "இல்லாட்டி, உசிரோட இருந்தவன் சூட்டை நான் குடிச்சிருக்கேன். அவன் செத்தான்னு புத்தகத்துல கையை வச்சு எப்படிச் சொல்றது? அதே சமயம் தங்கச்சி முகத்தையும் பாக்க முடியல. நீங்க படிச்சவங்க. பிள்ளைங்களுக்குப் பத்துக் கற்பனை சொல்லிக் குடுக்கிறவங்க. சத்தியம் பண்ணட்டுமா, வேணாமா? நீங்க சொல்றதைச் செய்யறேன்."

பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முப்பது பிள்ளைகளைக் கோரஸாகச் சொல்லவைக்கிற வாய் என்னுடையது. அந்தப் பனியில் விட்டுவிட்டு வந்தவன் பிழைத்திருக்கவே முடியாது என்று நினைத்தேன். முடியாது என்பதும் உறுதியில்லையே என்றும் நினைத்தேன். மெஷின் முன்னால் தைக்காமல் உட்கார்ந்திருந்த அக்காவை நினைத்தேன். அப்புறம் எதையும் நினைக்கவில்லை.

"பண்ணுங்கண்ணே," என்றேன்.

"டீச்சர் சொன்னா சரி," என்றார். நிம்மதியாக மூச்சுவிட்டார். அந்தப் பாரம் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். அது இன்றுவரை என்னிடம்தான் இருக்கிறது.

மறு வாரம் கோயில் அறையில் சாமியார் சொல்லச் சொல்ல வாக்குமூலத்தை நான் எழுதினேன். அவருடைய பெயரை எழுதியது அந்தக் காகிதத்தில்தான். "செத்ததைக் கண்ணால் பார்த்தாயா?" என்று சாமியார் கேட்டார். "பாத்தேன் சாமி," என்று சொல்லிச் சுவிசேஷப் புத்தகத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார். உடனே எடுக்கவில்லை. அந்தத் தோலட்டை சூடா, சில்லென்றா என்று பார்ப்பவர்போல வெகுநேரம் வைத்திருந்தார். சாமியார்தான் போதும் என்று சொல்லி எடுக்கச் சொன்னார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்தார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம் என்று சாமியார் நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் கோயில் கதவுப் பக்கம் பார்த்தேன். நெட்டையாக, கோட்டில்லாமல், நடுங்கிக்கொண்டு ஒருவன் அங்கே நிற்பான் என்று பயந்தேன். யாரும் வரவில்லை. கல்யாணம் நடந்தது. பிறைக்காரர் அக்கா வீட்டுக்கே வந்து, தினமும் படகேறி வேலைக்குப் போய் வந்தார். ரொட்டியும் தினமும் வந்துகொண்டுதான் இருந்தது.

சத்தியம் பண்ணிய நாளுக்குப் பிறகு கோட்டுக்காரர் நன்மை வாங்க, நற்கருணை அப்பம் வாங்க, பீடத்துக்குப் போனதே இல்லை. பூசைக்கு வருவார், கடைசிப் பெஞ்சில் உட்காருவார். மற்றவர்கள் எழுந்து போகும்போது காலை ஒதுக்கி வழி விடுவார். நான் போவேன். போகாமல் இருந்தால் ஊர் கேட்குமே என்று போவேன். பாவசங்கீர்த்தனத்தில் எதைச் சொல்லுவது, யாருடைய பாவத்தைச் சொல்லுவது என்று தெரியாமல் ஏதோ சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு வருவேன். கப்பல் வரும் நாட்களில் துறைமுகம் வழியாக நடப்பதை விட்டுவிட்டேன். சுவரில் அக்கா மாட்டியிருந்த பழைய படத்தில் மட்டுமே நான் பார்த்திருந்த அந்த முகம் எந்தக் கூட்டத்திலும் எனக்குத் தென்பட்டது.

அக்காவுக்கு முதல் பிள்ளை பிறந்தது. ஞானஸ்நானம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். அன்றைக்குத்தான் அவர் முதல் தடவையாக வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தார். தொட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, பிள்ளையின் மூக்குக்குக் கீழே ஒரு விரலை வைத்தார்.

"வருது தங்கச்சி. மூச்சு வருது," என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"பின்ன வராம?" என்று எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் அடுப்படிக்குப் போய் நின்றேன்.

அதற்கு நாலைந்து வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. ரொட்டி வராத முதல் காலையில் அக்காவும் நானும் கடைக்கு ஓடினோம். பின்கட்டில், அடுப்புச் சுவரையொட்டிப் பாயில் கிடந்தார். சாமியாருக்கு ஆள் அனுப்பினோம். அவர் தண்ணீர்மலைப் பக்கம் சாகக் கிடந்த யாருக்கோ அவஸ்தை பூசப் போயிருந்தார்.

"கோட்டைக் கழட்டுங்க. சுடுது," என்றார் கோட்டுக்காரர். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நாங்கள் கேட்டதே இல்லை. இருவருமாகக் கழற்றினோம். உள்ளே இருந்த உடம்பு இவ்வளவு சின்னதா என்று இருந்தது. "திருப்பிக் குடுத்துடுங்க," என்றார். காய்ச்சல் பேச்சு என்று அக்கா நெற்றியில் ஈரத்துணி போட்டாள். கோட்டை நான் மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

சாமியார் வருமுன்னே முடிந்துவிட்டது. மூக்குக்குக் கீழே கை வைத்துப் பார்க்கச் சொன்னாள் அக்கா. என் கைக்கு ஒரு குறையும் இல்லை, வெதுவெதுப்பாக நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் மூன்று தடவை வைத்துப் பார்த்தேன். மூன்று தடவையும் எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அக்கா வந்து பார்த்துவிட்டு அவர் கண்களை மூடிவிட்டாள்.

குளிப்பாட்டி வேட்டி சட்டை உடுத்தினார்கள். பெட்டி வந்தது. "கோட்டைக் குடுங்க டீச்சர்," என்றாள் அக்கா.

"வேணாம்க்கா. சுடுதுன்னுதானே கழட்டச் சொன்னாரு," என்றேன். என் குரல் எனக்கே சரியாகப் படவில்லை.

அவள் என் மடியிலிருந்து அதை எடுத்துக்கொண்டாள். கடைக்காரப் பையன்கள் தூக்கிப் பிடிக்க, அவருக்குப் போட்டுவிட்டாள். கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டே வந்தாள். காலரை நேராக்க விரலை உள்ளே விட்டு ஓட்டியவள் அப்படியே நின்றாள். தையல்காரி விரல். மெல்லக் காலரை மேலே திருப்பினாள். வெள்ளை நூல் பழுத்துப் போயிருந்தது. கோணல் அப்படியேதான் இருந்தது.

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அக்கா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் கண்ணை எடுத்துக்கொள்ளவில்லை, எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவள் கை இடுப்பிலிருந்த கத்தரிக்கோலுக்குப் போயிற்று. நாலு தையல் வெட்டினால் போதும், சவரிமுத்துவின் உத்தரியம் அவள் கைக்கு வந்துவிடும். புருஷனுடையது என்று சொல்ல அவளிடம் அந்தக் கடிதத்தையும் ஒரு படத்தையும் தவிர வேறொன்றும் கிடையாது.

கத்தரிக்கோலை அவள் எடுக்கவில்லை. காலரை மடித்துவிட்டாள். கழுத்துப் பொத்தானைப் போட்டாள், அது சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"மண்ணு ஈரமா இருக்கும் டீச்சர்," என்றாள். "அண்ணனுக்குக் குளிரும்."